சாம்பிராணி படிந்த கல்

அக்டோபர் 28, 2025, செவ்வாய். ஆயுத பூஜையன்று கல் உலரட்டும் என்று கம்பெனி மேசையில் டப்பாவைத் திறந்து வைத்தேன். மூட மறந்துவிட்டேன். சின்னத் தவறு.

நாட்குறிப்பில் எழுதியதைப் படித்துவிட்டு, 'சின்ன' என்பதை அடித்தாள் சிவசங்கரி.

பகலில் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் களிமண் சோதிக்கும் வேலை. மாலையில் வேதியியல் வகுப்பு. மணிமுத்தாற்றுப் பாறையில் கறுப்பாகப் படிந்திருந்த படலம் உயிர்கள் விட்டுச்சென்றதா என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஒரு சில்லைப் பெயர்த்துச் சென்னைக்கு அனுப்பியிருந்தாள். எக்ஸ் கதிர் பட்டதும் கல்லிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களை அளந்து, மேல்தோலில் என்ன இருக்கிறது என்று அங்கே ஒரு கருவி சொல்லிவிடும். மேல்தோலை மட்டுந்தான்; அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.

வந்த முடிவில், உயிரின் தடயமாக இருக்கக்கூடிய கரிமத்தின் கோடு நிமிர்ந்து நின்றது. "அட்டகாசம்மா!" என்றார் வழிகாட்டி பூர்ணிமா மேடம். ஆனால் ஒப்பிடுவதற்காகக் கல்லோடு அதே டப்பாவில் முதலிலிருந்தே வைத்து அனுப்பிய சுத்தமான கண்ணாடித் துண்டிலும் அதே கோடு இருந்தது. அதை மேடம் பார்க்கவில்லை. இவள் பார்த்துவிட்டாள்.

இன்று காலை பாலிஷ் பிரிவு திரௌபதியிடம் கேட்டாள். "அக்கா, பூஜையன்னிக்கு என் மேசையில சாம்பிராணி காட்டினீங்களா?"

"காட்டாம? சூளைக்கு, அச்சுக்கு, தராசுக்கு எல்லாத்துக்குந்தான். உன் கல்லுக்கு மட்டும் ரெண்டு சுத்து கூட. படிக்கிற புள்ள, பாஸாவட்டும்னு."

"கல்லுக்கேவாக்கா?"

"பொட்டும் வச்சிருப்பேன். தொடக் கூடாதுன்னு சீட்டு ஒட்டியிருந்தியே, அதான் தொடல. ஏன், ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்குது."

வேறென்ன சொல்வது? கழுவினால் புகையோடு கல்லின் படலமும் போய்விடும். வேறு சில்லு எடுக்கலாம் என்றால், அந்தப் பாறையைக் கரைகட்டும் வேலையில் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். சிமெண்ட்டின் மேல் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது.

சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை அறிக்கையைக் கொடுத்தால் பட்டம் வந்துவிடும். சொன்னால் இரண்டு வருட மாலைகளும் வீண். அந்தக் கோட்டில் கல் எவ்வளவு, சாம்பிராணி எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது, அவளாலும் முடியாது. ஒருவேளை முழுக்கக் கல்லாகவே இருக்கலாம். அதுவும் தெரியாது.

பேனாவை மூடினாள். திரும்பவும் திறந்து எழுதினாள்:

நாளை மாலை ஐந்தரைக்கு, வகுப்புக்கு முன், பூர்ணிமா மேடத்திடம் கண்ணாடித் துண்டின் முடிவுத் தாளைக் காட்ட வேண்டும்.