முதல் முடிச்சு

எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு கை இல்லை என்று பேசினவர்களைவிட, பெண்ணுக்கு வாய் நீளம் என்று பேசினவர்கள்தான் அதிகம். இரண்டும் உண்மை. ஆனால் நமுனுகுல மலையடியில் எங்கள் தோட்டத்து ஆட்கள் அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஆளுக்கொரு விதமாகக் கதை கட்டிவிட்டார்கள். மணவறையில் நின்றவள் நான். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

வேதமுத்து என் அத்தை மகன். எனக்கு ஞானப்பூ என்று பெயர் வைத்த அன்றே, இவள் வேதமுத்துக்குத்தான் என்று அத்தையும் அப்பாவும் பேசி முடித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பதால் சண்டை போட வழியில்லாமல் போயிற்று. அவருக்கு ஸ்டோரில் வேலை. கொழுந்தைத் தேயிலையாக்குகிற தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே கொழுந்தை உருட்டுகிற பெரிய இயந்திரத்துக்கு ரோதை என்று பெயர். அந்த ரோதைக்குப் பக்கத்தில் நின்று அவர் பாடுகிற பாட்டு, அது போடுகிற சத்தத்தையும் மீறி வெளியே கேட்கும்.

ஒரு மழைக்காலத்தில், கொழுந்து மலையாகக் குவிந்து கிடந்த நாளில், ரோதையை ஓட்டுகிற தோல்வார் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. கம்பளியில் போட்டு, கம்பில் கட்டி, பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். உயிர் தங்கியது.

தோட்டத்தில் வாய்கள் சும்மா இருக்குமா? கிறிஸ்தவ வேதக்காரன், ரோதையைக் காக்கிற ரோதைமுனிக்குத் தேங்காய் உடைக்கமாட்டான், அதனால்தான் முனி கையை எடுத்துக்கொண்டது என்றார் ஒரு கங்காணி. வருஷந்தோறும் தவறாமல் தேங்காய் உடைக்கிற உங்களுடைய பல்லையெல்லாம் எந்த முனி எடுத்துக்கொண்டது என்று நான் கேட்டேன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். அன்றைக்குக் கொழுந்தெடுக்க அவர் எனக்குக் கொடுத்த மலை, அட்டை நிறைந்த மலை. பரவாயில்லை, கேட்டது கேட்டதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். வரிசையாக ஒட்டிக்கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் கடைசிக் காம்பராதான் எங்களுக்குக் கோயில். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே கூடுவோம். அவர் மட்டும் வரமாட்டார். பக்கத்துக் காம்பரா வாசலில் குந்தியிருப்பார். கேட்டால், கை கூப்ப முடியாதவன் அங்கே வந்து என்ன செய்யப்போகிறான் என்பார். அத்தை அழுவாள். எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும். ரொட்டி கொண்டுபோய் வைத்த ஒரு நாளில் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"கையை எண்ணிப் பாத்தா ஆண்டவரு உள்ள விடுறாரு? அப்படின்னா அவரும் வேணாம், அவரு கோயிலும் வேணாம், போங்க மச்சான்."

அடுத்த ஞாயிறு, பேதுரு தண்ணீரில் மூழ்கப்போன பகுதியை உபதேசியார் வாசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் நிழல் தட்டியது. வேதமுத்து உள்ளே வந்தார். பின்னால் உட்காராமல் நேராக முன்னால் போய் உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்ததும் அவருடைய பழைய குரல் எழும்பியது. தகரக் கூரை அதிர்ந்தது என்று சொன்னால் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது. அத்தை பாடுவதை விட்டுவிட்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், என்ன திடீரென்று ஞானம் பிறந்தது என்று கேட்டேன்.

"சொவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டே இருந்தேன் புள்ள. முங்கிப்போறவனைத் தூக்க ஆண்டவரு கையை நீட்டினாருன்னு வாசிச்சாங்க. ரெண்டு கையையும்னு இல்ல. அவருக்கே ஒத்தக் கை போதுமா இருந்திருக்கு. எனக்குப் போதாதான்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

அன்றிலிருந்து மனிதர் தேறிவிட்டார். வலி போகவில்லை. இல்லாத விரல்கள் குளிரில் கடுக்கின்றன என்பார். ஆனால் அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். தோட்டத்துத் தபால் பையைப் பதுளைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற வேலை கிடைத்தது. பை தோளில், பாட்டு வாயில். நாங்கள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கும்போது, ஆள் வளைவு திரும்பும் முன்பே பாட்டு வந்துவிடும். மற்றப் பெண்கள் என்னை இடிப்பார்கள். நான் கோபப்பட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன்.

இவ்வளவும் ஆன பிறகு அப்பா கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. மாறாக, மடுல்சீமையில் ஒரு கங்காணி மகன் இருக்கிறான் என்று யாரோ சொன்னதை எங்கள் வீட்டில் இரண்டு தடவை சொன்னார். அப்பா கெட்டவரில்லை. மகள் விஷயத்தில் பயந்தவர். நான் விடவில்லை. அடுப்படியில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே விழுந்தன. கடைசியில் மனதில் இருந்ததைச் சொன்னார். ஒரு கையால் தாலி முடிய முடியாது, அதுதான் அவருடைய வழக்கு.

நாத்தனார் சலோமி மூன்று முடிச்சையும் போடட்டும் என்றாள் அத்தை. அப்படியானால் என் மகள் சலோமிக்கா பெண்டாட்டி என்று கேட்டார் அப்பா. பதுளைக் கோயில் பாதிரி ஐயர் மோதிரம் மாற்றினால் போதும் என்று சொல்லியனுப்பினார். கொழுந்தெடுக்கிற விரலில் மோதிரம் எத்தனை நாள் நிற்கும், கழுத்தில் தாலி இல்லாதவளை நாலு பேர் என்னவென்று கேட்பார்கள் என்றார் அப்பா. பிறகு அவரே வேதமுத்துவைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"ரெண்டாவது, மூணாவது முடிச்சை உன் தங்கச்சி போடட்டும், அது வழக்கம். மொத முடிச்சு உன் கையால விழணும். பீச்சாங்கையா இருந்தாலும் சரி. விழுந்தா இவ உனக்கு. விழல்லன்னா என்னை யாரும் ஏசக்கூடாது."

அத்தை வீட்டு வெள்ளாட்டுக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான். வேலை முடிந்து வந்ததும் வேதமுத்து அதன் கழுத்தில் கயிற்றைப் போடுவார். ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொள்வார். மறுநுனியை இடது கை சுற்றும், குறைக்கை அழுத்திப் பிடிக்கும். முதலில் கயிறு நழுவும், ஆடு நழுவும், இவர் மண்ணில் உருளுவார். லயமே கூடி நின்று சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆட்டுக்கே எத்தனை கல்யாணம் என்று சலோமி கேட்பாள். முடியாமல் போகிற நாளில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பார். பிறகு மறுபடியும் கடிப்பார். கடைசியில் அவரைக் கண்டால் ஆடு தானாகவே கழுத்தை நீட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. அப்பா வந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார். அவிழவில்லை. சரி, திகதி வைக்கலாம் என்றார்.

இவ்வளவு பேர் பார்த்தோம், இவ்வளவு நாள் பார்த்தோம். ஒருவருக்கும் ஒன்று தோன்றவில்லை.

கல்யாணத்தன்று ஐயர் பதுளையிலிருந்து குதிரையில் வந்தார். கோயில் காம்பராவில் மூச்சு விட இடமில்லை. தேங்காய் உடைக்கிற கங்காணிகூட வந்து வாசலில் நின்றார். ஐயர் தாலியை ஆசீர்வதித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். வேதமுத்து அதை என் கழுத்தைச் சுற்றிப் போட்டார். நுனியைக் கடிப்பதற்காகக் குனிந்தார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது. அப்படியே நின்றுவிட்டார்.

பெரியவர்கள் முன்னால் புருஷனும் பெண்சாதியும் விரலைக்கூடத் தொட்டுக்கொள்ளாத சனம் நாங்கள். ஆண்டவர் சந்நிதியில், ஐயர் பார்க்க, என் அப்பா பார்க்க, கல்யாணப் பெண்ணின் பிடரியில் வாயை வைப்பதா? அவர் காது சிவந்துவிட்டது. நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார், மறுபடி நிமிர்ந்தார். கயிறு அவர் விரலிடுக்கில் தொங்கியது.

"ஞானப்பூ, ஆடு வேற, நீ வேற," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பின்னால் குசுகுசுப்பு ஆரம்பித்தது. முடியவில்லையாம், முடியவில்லையாம் என்று வாசல் வரைக்கும் போயிற்று. முன்வரிசையில் அப்பா எழுந்து நின்றதை ஓரக்கண்ணால் கண்டேன். அவர் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. வேதமுத்து கண்ணை மூடினார். கல்யாணப் பெண் தலை நிமிரக்கூடாது, பேசக்கூடாது, செண்டைப் பிடித்த கையை அசைக்கக்கூடாது என்று அத்தை விடியற்காலையிலிருந்து பாடம் சொல்லியிருந்தாள். செண்டைத் தூக்கிச் சலோமி கையில் கொடுத்தேன். தலையை நிமிர்த்தினேன்.

"தெரிஞ்சா சரி. ஒரு நுனியை இங்க குடுங்க."

வலது கையை முக்காட்டுக்கு மேலாகப் பிடரிக்குக் கொண்டுபோனேன். அவர் ஒரு நுனியை என் விரலுக்குள் வைத்தார். நான் இழுத்துப் பிடித்தேன். அவர் இடது கை ஒரு சுற்றுச் சுற்றி, நுழைத்து, இழுத்தது. முடிச்சு விழுந்தது. ஆண்டவரே என்று அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

பெண்ணே தாலியைப் பிடித்துக் கொடுத்த கல்யாணத்தை அதுவரை யாரும் கண்டதில்லை. இது செல்லுமா செல்லாதா என்று ஐயருக்கே தெரியவில்லை. அப்பா போட்ட நிபந்தனை அவருக்கும் தெரியும். அவர் அப்பாவைப் பார்த்தார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா பக்கத்தில் வந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார். இறக்காமல் நான் வைத்திருந்த என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கண் கலங்கி நான் கண்டது அன்றைக்குத்தான்.

"அவன் கையாலதான் விழுந்துச்சு ஐயரே," என்றார். "ரெண்டும் இனி அவன் கைதான். நீங்க நடத்துங்க."

ஐயர் புத்தகத்தைத் திருப்பினார். இரண்டாவது முடிச்சுப் போட வந்த சலோமி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் மட்டும் அப்போதுதான் ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டேன்.