முனைத் துண்டு

மணிக்கூண்டுக்குக் கீழே எட்டுப் பேர் நிற்க வேண்டும். ஏழு பேர்தான் நின்றார்கள். நான் மஞ்சள் குடையை விரித்துப் பிடித்தபடி எட்டாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கூட்டத்தில் என்னைத் தொலைத்துவிடக் கூடாது என்று கம்பெனி கொடுத்த குடை அது. ஆறு வருடமாக அதைத் தூக்கித் தூக்கி எனக்கு ஒரு தோள் மேலே போய்விட்டது என்பாள் என் வீட்டுக்காரி. மூன்று மணி அடித்தபோது, எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கடை வாசலில் அதுவரை நின்றிருந்த ஒரு பெண் சாலையைக் கடந்து வந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய நரைத்த முடி, சாம்பல் நிறக் கோட்டு, காலில் புத்தம் புதிய கறுப்பு ஷூ. அது கடிக்கிறது என்பது நடையிலேயே தெரிந்தது. "நான்தான் எட்டாவது," என்றாள். அவ்வளவு நேரமும் அங்கே நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிலர் அப்படித்தான், கூட்டத்தை எடை போட்டுவிட்டுத்தான் வந்து சேர்வார்கள்.

என் வேலை ஊர் சுற்றிக் காட்டுவது. கோட்டை, அரண்மனை எல்லாம் வேறு ஆட்கள் காட்டுவார்கள். நான் காட்டுவது ஒரே ஒரு பேட்டையையும் அதில் உள்ள நான்கு கடைகளையும்தான். மீன் பொரிக்கும் கடையில் தொடங்கி, சீஸ் கடை, ரொட்டிக் கடை என்று நடந்து, கடைசியில் ஒரு நிலவறையில் உட்கார்ந்து நான்கு வகை ஒயின் ருசி பார்ப்பதோடு முடியும். சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் சாப்பாடு. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கதை உண்டு. இந்தத் தொழிலில் நான் முதலில் கற்றுக்கொண்டது, வருகிறவர்கள் பாதியை நாக்கால் சாப்பிடுகிறார்கள், பாதியைக் காதால் சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான். என் வாய்க்கு வரி போட்டால் அரசாங்கத்துக்குக் கஷ்டமே இருக்காது என்பதும் என் வீட்டுக்காரி சொல்வதுதான்.

எல்லாக் கதைகளிலும் ரொட்டிக் கடைக் கதைக்குத்தான் மவுசு. அது பொய்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் ரொட்டிக்காரரின் அடுப்பு மக்கர் செய்தது. ரொட்டி வெளியே வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். என் குழுவோ கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அப்போது ஒருவர் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டி, யார் அது என்று கேட்டார். நீண்ட பின்னல் போட்ட ஒரு பெண், கையெல்லாம் மாவு, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் வாயைத் திறந்தேன். "எங்க அண்ணி. கடைக்கார அண்ணனோட சம்சாரம். தவறிட்டாங்க. இந்த ரொட்டி அவங்க கைப்பக்குவம். வெந்ததும் நடுத் துண்ட அண்ணனுக்குன்னு எடுத்து வெச்சிட்டுத்தான் அவங்க சாப்பிடுவாங்க. அண்ணன் இன்னைக்கும் ஒரு நாள்கூட பக்குவத்த மாத்தல." ஒரு அம்மாள் அழுதேவிட்டார். முக்கால் மணி நேரமும் ஒருவர்கூட அசையவில்லை. அன்று அவர்கள் கம்பெனிக்கு எழுதிய பாராட்டில் மீனும் இல்லை, ஒயினும் இல்லை. ரொட்டிக்காரரின் மனைவிதான் இருந்தாள். அந்தக் கதையை ஒரு நாளும் விட்டுவிடக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

அவள் சாகவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெருவுக்கே தெரியும். நான் அந்தப் பொய்யைச் சொல்வதற்கு நான்கு வருடம் முன்பு, இந்த வேலைக்கே நான் வராத காலத்தில், ஒரு காலை ஒற்றைப் பெட்டியோடு பஸ் ஏறிப் போனவள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. போனாள், அவ்வளவுதான். தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் ரொட்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்று பெயர் எடுத்த மனிதர். மாவை உருட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, நேத்து ஏதோ வாய்க்கு வந்தத உளறிட்டேன்," என்றேன். நிமிரவில்லை. நான்கு உருண்டை உருட்டி முடித்த பிறகு, "நடுத் துண்டு இல்ல," என்றார்.

"என்னண்ணே?"

"முனை. அவ முனையத்தான் தின்னுவா. முதல்ல அதத்தான். நின்னுக்கிட்டே."

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு திருத்தம் வரும். கதை சொல்லி முடித்துக் குழுவை வெளியே அனுப்பும்போது, கதவோரம் நின்று தாழ்ந்த குரலில் சொல்வார். "மாவு பதத்த விரலால பாக்கமாட்டா. புறங்கையால." இன்னொரு நாள், "அவ பாடினதில்ல. சீட்டியடிப்பா." பிறகொரு நாள், "வேலை செய்யறப்போ செருப்பு போடமாட்டா. பனியிலகூட." ஒவ்வொன்றையும் நான் கதையில் சேர்த்துக்கொண்டேன். என் பொய்யில் இருந்த தப்பையெல்லாம் அவர் ஒன்று விடாமல் திருத்தினார். அவள் செத்துப்போனாள் என்பதை மட்டும் திருத்தவில்லை. தட்டுக்கு ரொட்டி அறுக்கும்போது இரண்டு முனைகளையும் முதலில் வெட்டி, போட்டோவுக்குக் கீழே உள்ள பலகையில் வைத்துவிடுவார். அவற்றை யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. பிறகு என்ன செய்வார் என்று கேட்டதும் இல்லை.

அன்றைய குழுவில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, எதையும் படம் எடுக்காமல் வாயில் போடாத ஒரு மனிதர், நான்கு சகோதரிகள். எட்டாவது பெண் கடைசியாகத்தான் நடந்து வந்தாள். மீன் கடையில் ஒரு வாய் தின்றாள். சீஸ் கடைக்குள் வரவே மாட்டேன் என்றாள். வாடை பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்தேன். சீஸ் கடைக்காரி அந்தத் தெருவில் முப்பது வருடமாக இருப்பவள், யார் முகத்தையும் மறக்காதவள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. முன்னூறு தடவைக்கு மேல் அந்தப் போட்டோவைக் கை நீட்டிக் காட்டியவன் நான். அதில் இருந்தவள் என் பின்னாலேயே இரண்டு தெரு நடந்து வந்தும் எனக்குத் தெரியவில்லை.

ரொட்டிக் கடையில் எல்லோரையும் அரைவட்டமாக நிற்கவைத்துக் கதையைத் தொடங்கினேன். புறங்கை வந்தது, சீட்டி வந்தது, வெறுங்கால் வந்தது. எந்த இடத்தில் தொண்டை அடைக்க வேண்டுமோ அந்த இடத்தில் அது தானாகவே அடைத்துக்கொள்ளும், அவ்வளவு பழக்கம். சகோதரிகளில் இளையவள் கைக்குட்டையை எடுத்தாள்.

"எப்படி செத்தாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எட்டாவது பெண்.

"நெஞ்சுல சளி கட்டி, மூணே மாசம்," என்றேன். "கடைசி வரைக்கும் அண்ணன் கையத்தான் புடிச்சிட்டிருந்தாங்க."

அவள் தலையை ஆட்டினாள். தெரிந்துகொண்டேன் என்பது போல.

ரொட்டிக்காரர் உள்ளேயிருந்து தட்டோடு வந்தார். வழக்கம்போல யார் முகத்தையும் பார்க்காமல் ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டே போனார். எட்டாவது ஆளிடம் தட்டு நின்றது. அவர் முதலில் பார்த்தது அவள் கையை. பிறகுதான் முகத்தை. கடையில் படம் எடுக்கிறவரின் கேமரா சத்தம் மட்டும் கேட்டது. அவர் தட்டைக் கல்லாமேல் வைத்தார். திரும்பிப் போய், போட்டோவுக்குக் கீழே இருந்த பலகையிலிருந்து ஒரு முனைத் துண்டை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

போட்டோவைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். பின்னலும் சிரிப்பும் போய்விட்டால் மிச்சம் இருப்பது அந்த முகவாய்தான். அது அப்படியே இருந்தது. வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் முனைத் துண்டைக் காகித நாப்கினில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு வெளியே வந்தாள்.

நிலவறை ரொட்டிக் கடைக்கு நேர் எதிரே. பதினான்கு படி இறங்க வேண்டும். அங்கே ஒயின் ஊற்றும் அம்மாள் கறார்ப் பேர்வழி. கோப்பையைத் தண்டில் பிடிக்காதவர்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதட்டுவது போல அதட்டுவார். முதலில் நிறம் பார்க்க வேண்டும், பிறகு சுழற்ற வேண்டும், முகர வேண்டும், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி வாளியில் துப்ப வேண்டும். எல்லோரும் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த அவள் மட்டும் துப்பவில்லை. முதல் கோப்பையையும் இரண்டாவதையும் மருந்து குடிப்பது போல விழுங்கினாள். பிறகு என்னைப் பார்த்து எதிர் நாற்காலியைக் காட்டினாள். போய் உட்கார்ந்தேன்.

"ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கு," என்றாள். "அதுல போயிடுவேன். பயப்படாதீங்க, உங்க ஆளுங்ககிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன்."

நான் மஞ்சள் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"கதவத் தட்டலாமா வேணாமான்னு பாக்கத்தான் வந்தேன். தனியா உள்ள போக கால் வரல. எட்டுப் பேர்ல எட்டாவதாப் போனா ஒரு தடவை பாத்துட்டாவது வந்துடலாம்னு பேர் குடுத்தேன்." நாப்கின் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். "அவர் என்னை அடிச்சதில்ல, திட்டினதில்ல. பேசினதும் இல்ல. பதினாறு வருஷம். மாவுகிட்ட பேசினதுகூட எங்கிட்ட பேசினதில்ல. நான் இருக்கேனா இல்லையான்னே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. அதான் போனேன். இன்னைக்கு வந்து கேட்டா, நெசமாவே இல்லையாம்."

"அண்ணன் அதக் குடுத்தாரே," என்றேன், பொட்டலத்தைக் காட்டி.

"செத்தவளுக்குன்னு வெச்சிருந்தத எடுத்துக் குடுத்துட்டார். கணக்குத் தீர்ந்துது." அவள் குரல் உடையவில்லை, உடைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. புறங்கையால மாவு பாக்கறது, அந்தச் சீட்டி, இதெல்லாம் அவரத் தவிர யாருக்கும் தெரியாது. அப்போ நான் செத்துட்டேன்னு சொன்னதும் அவர்தானே?"

எனக்குப் பதில்களுக்கா பஞ்சம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவே இல்லை, எல்லாம் தெருக்காரர்கள் சொன்னது என்று சொல்லலாம். கம்பெனி எழுதிக் கொடுத்தது என்று சொல்லலாம். இரண்டுமே நன்றாக எடுபடும். நான் சொன்னால் எதுவும் எடுபடும். அந்தப் பக்கம் அம்மாள் மூன்றாவது ஒயினை ஊற்றிக்கொண்டே என்னை முறைத்தார். இந்த ஒயினுக்குக் கதை சொல்ல வேண்டியது நான்தான். மூன்று வருடமாக ஊரே பாராட்டிய வாய், ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றதும் உலர்ந்துபோயிருந்தது.

"அண்ணி," என்றேன். அந்த வார்த்தை எப்படி வந்ததோ தெரியவில்லை. கதையில் சொல்லிச் சொல்லிப் பழகியது, நேரே பார்த்து வந்துவிட்டது. "செத்துட்டீங்கன்னு சொன்னது நான். நான் மட்டும்தான். மத்ததெல்லாம் அவர் சொன்னது."

அவள் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் தப்புத் தப்பாச் சொல்லுவேன். அவர் கதவோரம் நின்னு திருத்துவார். நடுத் துண்டுன்னேன், முனைன்னார். பாடுவாங்கன்னேன், சீட்டின்னார். செருப்பு இல்லாம நிப்பீங்கன்னு சொன்னது போன பனிக்காலத்துல. அன்னைக்கு முழுக்க வேற ஒரு வார்த்தை பேசல."

"இவ்வளவும் அவர் பேசினாரா?"

"மூணு வருஷமா."

"நான் சாகலைன்னு ஏன் திருத்தல?"

"அது எனக்குத் தெரியாது அண்ணி. அத அவர்கிட்டதான் கேக்கணும்."

அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாப்கினைப் பிரித்தாள். எழுந்து நின்றாள். நின்றபடியே அந்த முனையைக் கடித்து, மெதுவாக மென்றாள். கடைசித் துணுக்கு வரைக்கும் தின்றாள். விரலில் ஒட்டிய பொடியைத் தட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே படியேறிப் போனாள். மணி ஆறு இருக்கும். பஸ் நிலையத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். ரொட்டிக் கடைக்கு எந்தப் பக்கமும் திரும்ப வேண்டாம், நேரே தெருவைத் தாண்டினால் போதும். கீழே இருந்து பார்த்தால் படிக்கு மேலே துண்டு வானம்தான் தெரியும்.

நான் போய் மூன்றாவது ஒயினுக்கான கதையைத் தொடங்கினேன். மலைச்சரிவு, அண்ணன் தம்பி இருவர், பிரித்துக்கொண்ட தோட்டம். பாதியில் நிறுத்திவிட்டேன். "இது கொஞ்சம் துவர்க்கும்," என்றேன். "வேற ஒண்ணும் இல்ல." புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாளியைக் காலி செய்துகொண்டு வருவதாகச் சொல்லி, அதைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். நான் வாளி தூக்கி அந்த அம்மாள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஏழு மணி வரை திறந்திருக்க வேண்டிய ரொட்டிக் கடையின் ஷட்டர் பாதிக்கு மேல் இறங்கி, முழங்கால் உயரத்தில் நின்றிருந்தது. பஸ் நிலையத்துப் பக்கம் பார்த்தேன். சாம்பல் நிறக் கோட்டு எதுவும் கண்ணில் படவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தேன். ஷட்டருக்கு அடியில், கடைக்குள் எரிந்த விளக்கு வெளிச்சத்தில், மாவு படிந்த பழைய செருப்பில் இரண்டு கால்கள் தெரிந்தன. அவற்றுக்கு எதிரே, ஒரு மேசை நீளம் தள்ளி, இன்னும் இரண்டு கால்கள். பேச்சுச் சத்தம் எதுவும் இல்லை.

ஒரு கறுப்பு ஷூ கழற்றித் தரையில் கிடந்தது. ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. இன்னொரு காலில் ஷூ இன்னும் இருந்தது.