ரெபேக்கா எண்ணாத ஆட்கள்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மாரிகுப்பம் ரயிலில் எதிர் சீட்டுக்காரர் ஒருவர், "வெளியாளுங்க வந்து வந்து எடத்தையே நாசம் பண்ணிட்டாங்க" என்று பங்காருப்பேட்டை வரைக்கும் பொருமிக்கொண்டு வந்தார். தினமும் அதே இடத்தில்தான் தானும் வாக்கிங் போவதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கியதும் எழுத உட்கார்ந்தேன். குன்று, கேட், ரெபேக்கா எல்லாம் என் கைச்சரக்கு. கோலார் தங்கவயலில் போய்த் தேடாதீர்கள்.

2.

'காலைக் கதிரவனின் பொற்கரங்கள் குன்றைத் தழுவ' — சீ, போதும்.

'பாதுகாக்கப்பட்ட பொது நிலங்களில் பார்வையாளர் நடமாட்டத்தை' — இது சர்க்கார் சுற்றறிக்கை.

ரெபேக்கா கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். — இது இருக்கட்டும்.

வனத்துறை அவளுக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: குன்றுக்கு வருகிறவர்களை எண்ணி நோட்டில் கோடு போடுவது. ஒரு நாளைக்கு நூறு பேரைத்தான் அந்த இடம் தாங்கும். அதற்கு மேல் போனால் பாதை அகலும், புல் சாகும், தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவி ஓடிப்போகும். பிறகு குன்றையே மூடிவிடுவார்கள். ரெபேக்கா ரொம்பக் கறார். பெங்களூர்க்காரர் தோளில் தூங்கிக்கொண்டு வந்த குழந்தைக்கும் ஒரு கோடு போட்டாள். அவர்கள் நாய்க்கு அரைக்கோடு.

(அரைக்கோடு மிகையோ என்று யோசித்தேன். எடுக்க மனம் வரவில்லை.)

3.

ஒருநாள் ரேஞ்சர் பல்லவி வந்தார். மரத்தில் கட்டியிருந்த கேமராவின் எண்ணிக்கை அவர் கையில் இருந்தது.

"நோட்ல அறுபத்தொண்ணு. கேமராவுல இருநூத்திப் பன்னெண்டு. மிச்சம் யாரு ரெபேக்கா, பேயா?"

"பேய் இன்னாத்துக்கு மேடம் வருது? அவங்கல்லாம் நம்ம ஆளுங்க. வாக்கிங் போறவங்க."

"அவங்கள எண்ணலயா?"

"வூட்டுக்கு வர்ற விருந்தாளியத்தான் எண்ணுவாங்க. வூட்டு ஆளுங்கள யாராவது எண்ணுவாங்களா?"

பல்லவி அவளை மேலே கூட்டிப்போனார். ஒற்றையடிப் பாதை, நாலு பேர் தோளோடு தோள் நடக்கிற அகலத்துக்கு விரிந்திருந்தது. ஓரத்தில் மிதிபட்ட முட்டை ஓடுகள். அரட்டை அடித்தபடி நாலு பேராக நடக்கிறவர்கள் யார் என்று ரெபேக்காவுக்குத் தெரியும். ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்து ரிடையரான கூட்டாளிகள். அதில் ஒருவர் அவள் வீட்டுக்காரர் சைலஸ்.

"நாளையிலேருந்து எல்லாருக்கும் கோடு. நூறானதும் கேட்ட மூடிடுங்க. இல்லன்னா குன்ன நாலு மாசத்துக்கு மூடச் சொல்லிடுவாங்க" என்றார் பல்லவி.

4.

மறுநாள் காலை ஏழரைக்கே தொண்ணூற்றொன்பது கோடு. முக்கால்வாசி தெரிந்த முகம்தான். "என்னையே எண்றியாடி?" என்று ஆனி டீச்சர் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போனார்.

அப்போது சைலஸ் வந்தார், கேன்வாஸ் ஷூவோடு. சர்க்கரைக்கு நடந்தே ஆகவேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அதே நேரத்தில், பெங்களூரிலிருந்து விடியற்காலையில் கார் ஓட்டி வந்த ஷில்பாவும், கழுத்தில் பைனாகுலரோடு.

"இன்னாமே, கேட்டத் தொற."

"ஒரு எடந்தான் கீது."

"அதான் நான் வந்துட்டேனே!"

"அங்கிள், நான்தான் முன்னாடி வந்தேன்" என்றாள் ஷில்பா.

முதல் முடிவு: சைலஸ் விட்டுக்கொடுக்கிறார். (நான்தான் அவரை உண்டாக்கினேன். கொடுக்கவே மாட்டார்.)

இரண்டாவது: ரெபேக்கா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரையும் உள்ளே — எழுதினேன். வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

இதற்குள் ரெபேக்கா என்னைக் கேட்காமலே பென்சிலை எடுத்து நூறாவது கோட்டைப் போட்டுவிட்டாள்.

"யாருக்கு?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"எனக்குத்தான். தெனம் கேட்டத் தொறக்கறதுக்கு முன்ன மேல ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன். இத்தினி நாளா என்னையே நான் எண்ணல."

கேட்டைச் சாத்திப் பூட்டினாள்.

சைலஸ் வாயைத் திறந்தார். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் நான் தலையிட மாட்டேன். ஆனால் ஒன்று, கேட்டுக்கு வெளியே நின்றுதான் எழுத வேண்டும்.