அடுப்போரத்து இடம்

தடதடவென்று கதவு இடிபட்டது. யேராவின் விரல்களிலிருந்து நூல்கட்டைகள் நழுவி, லேஸ் பின்னும் உருளைத் தலையணையின் இரண்டு பக்கமும் தொங்கி ஆடின.

“திற! சுரங்கத்திலேர்ந்து வந்திருக்கோம்!”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாத்தனார் பொலோனாதான் எழுந்து போய்த் திறந்தாள். மேற்பார்வையாளர் கோகெய் பூட்ஸில் ஒட்டிய பனியோடு நேரே கூடத்துக்குள் வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள். கிடங்கில் மறுபடியும் பாதரசம் குறைந்திருக்கிறது, தெரு முழுக்கச் சோதனை என்றார்.

திருட்டுப் பாதரசம் ஒரு வீட்டில் அகப்பட்டால் என்ன ஆகும் என்று இத்ரியா என்ற அந்தச் சுரங்க ஊரில் தெருநாய்க்குக்கூடத் தெரியும். வேலை போகும். சுரங்கம் கொடுத்த வீடு போகும், மாதா மாதம் அளந்து போடும் கோதுமை போகும். வீட்டு ஆண்பிள்ளை விலங்கோடு லுப்லியானா சிறைக்குப் போவான்.

ஆட்கள் பரணில் ஏறினார்கள். மெத்தையைக் குத்திப் பார்த்தார்கள். மாவுப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார்கள்.

“என்ன பொலோனா, உன் வண்டிக்கார மாப்பிள்ளை மிஹா எங்கே? திரியெஸ்த் துறைமுகத்துக்குச் சரக்கு ஏத்திக்கிட்டுப் போயிட்டானா?”

“நீங்கதானே ஏத்தி அனுப்பினீங்க? என்னைக் கேட்டா?” என்றாள் மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்ட பொலோனா. குளிரில் நீலம் பாய்ந்த அவள் விரல்கள் கட்டைகளை மாற்றி மாற்றி வீசிக்கொண்டே இருந்தன. ஒரு கட்டைகூடத் தப்பவில்லை.

ஓர் ஆள் யேரா உட்கார்ந்திருந்த பக்கம் வந்தான். சுவரோடு கட்டிய பெரிய கணப்படுப்பு. அதைச் சுற்றி, அவள் உட்கார்ந்திருக்கும் ஓடு பதித்த மேடை. அவன் குனியப் போனபோது கோகெய் சிரித்தார்.

“டேய் முட்டாள், அங்க எவன்டா வைப்பான்? சூடு பட்டா ஆவியாகி வீட்டுல இருக்கிறவங்களையே கொன்னுடும். பைத்தியக்காரன்கூடப் பாதரசத்தை நெருப்புகிட்ட கொண்டு போக மாட்டான். நீ வா.”

கிளம்பும்போது யேராவின் எதிரே நின்றார்.

“கையை ஏம்மா சால்வைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்க? எடு, பார்ப்போம்.”

எடுத்தாள். வெறும் கைதான். ஆனால் விரல்கள் நடுங்கின, காற்றில் இலை நடுங்குவது போல.

“உலையில இருபது வருஷம் நின்னவன் கை மாதிரியில்ல இருக்கு!”

“கதவை இப்படி உடைச்சா கை நடுங்காம, நடனமா ஆடும்?” என்றாள் யேரா.

ஆட்கள் சிரித்தார்கள். கோகெய் சிரிக்கவில்லை. “மறுபடியும் வருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

யேரா தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். உலைக்காரன் கை. இந்த ஊரில் பாதரசத் தாதுவைச் சுடும் உலையில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்த நடுக்கம் வரும். காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார்கள். ஈறு புண்ணாகும், நாக்கில் செம்புக்காசை வைத்தது போல ஒரு ருசி. அப்புறம் புத்தியும் மாறும். பெண்டாட்டி ஊற்றும் சூப்பில் விஷம் இருக்கிறது என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரன் இருமினால் தன்னைக் கேலி செய்கிறான் என்பார்கள்.

அவளோ உலைப் பக்கமே போனதில்லை. ஆனாலும் இலையுதிர் காலத்திலிருந்து கை நடுங்குகிறது. போன தடவை பின்னிய லேஸை வியாபாரி திருப்பிக் கொடுத்துவிட்டார். பொலோனாதான் பின்னலைப் பிடிக்கும் குண்டூசிகளை மாற்றிக் குத்திவிட்டாள் என்று யேரா அன்றைக்குப் பெரிய சண்டை போட்டாள். கணவன் காஷ்பெர் ஞாயிற்றுக்கிழமை தாமதமாக வந்தபோது, எவள் வீட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

“உனக்கு உலைக்காரன் புத்தி வந்துடுச்சு யேரா. போய் அடுப்போரமா உட்காரு. கை சூடா இருந்தா மனசும் நல்லா இருக்கும்.”

அடுப்போரமா உட்காரு. எப்போதும் அதைத்தான் சொல்வான்.

பொலோனா ரொட்டி வாங்கப் போனதும் யேரா கதவைத் தாழிட்டாள். அடுப்பு மேடைக்கு அடியில் முழங்காலிட்டு ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒன்று அசைந்தது. பெயர்த்தாள்.

உள்ளே தூசியில் கடுகு கடுகாக வெள்ளி மணிகள் உருண்டன. அவற்றுக்குப் பின்னால், இரண்டு முடிச்சுப் போட்ட ஆட்டுத்தோல் பை. ஒரு செம்புத் தண்ணீர்தான் அதில் பிடிக்கும். இழுத்தபோது மூன்று வயதுக் குழந்தையின் கனம் கனத்தது. தையலில் கசிந்த ஒரு துளி அவள் மணிக்கட்டில் விழுந்து, ஒட்டாமல் ஓடியது.

இதன் மேல்தான் அவள் தினமும் காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். அவள் வைக்கவில்லை. காஷ்பெர் தினமும் சுரங்கத்துக்குப் போகிறவன். பொலோனா சுரங்க வண்டிக்காரனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். இரண்டு பேருக்கும் வழி இருக்கிறது, இரண்டு பேருக்கும் பாதரசம் என்ன செய்யும் என்று தெரியும். கேட்டால் இரண்டு பேரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதைவிட மோசம், இப்போது அவளுக்கு அவளையே நம்ப முடியவில்லை. ஊசியையும் ஞாயிற்றுக்கிழமைத் தாமதத்தையும் சந்தேகப்பட்ட அதே புத்திதானே இப்போதும் யோசிக்கிறது?

காஷ்பெராக இருந்தால் போவது வீடு மட்டும் இல்லை. தன் பக்கத்தில் படுக்கிறவன் தன்னைத் தெரிந்தே இங்கே உட்கார வைத்திருக்கிறான்.

முதலில் பையை ஒழிக்க வேண்டும். மணிகளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாள். ஓட்டைப் பழையபடி பதித்தாள். கூடையின் அடியில் பை, அதன் மேல் சோப்புப் போட்ட ஈரப் போர்வை. இடுப்பில் தூக்கியபோது முதுகு சுளீரென்றது. ஆற்றுக்கு நடந்தாள்.

பாலத்தின் முனையில் கோகெய் நின்றிருந்தார்.

“ஒரு பக்கமா சாய்ஞ்சு சாய்ஞ்சு வர்றியே யேரா. கூடையில என்ன?”

“உங்க ஆளுங்க பூட்ஸோட ஏறி மிதிச்ச போர்வை. தூக்கிப் பார்க்கறீங்களா?”

அவர் கைத்தடியால் போர்வையைக் குத்தினார். சோப்புத் தண்ணீர் பொங்கித் தடியில் வழிந்தது. இன்னும் ஒரு விரற்கடை ஆழமாகக் குத்தியிருந்தால் தோலில் பட்டிருக்கும்.

“கை இன்னும் நடுங்குதே.”

“இந்தக் குளிர்ல ஈரத் துணியைத் தூக்கிட்டு நீங்க நில்லுங்க, பேச்சு வளர்த்துக்கிட்டு. உங்க கை நடுங்குதா நடுங்கலையான்னு நான் பார்க்கறேன்.”

பாலத்தில் வந்த இரண்டு பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். கோகெய் தடியைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கினார்.

உலைக்குக் கீழே, ஆறு வளையும் இடத்தில், போர்வையை அலசும் சாக்கில் பையை நழுவ விட்டாள். ஒரே ஒரு ‘பொளக்’. அந்த ஆற்றுக்கு அது புதிய சரக்கு இல்லை.

கனம் போய்விட்டது. ஆனால் கேள்வி போகவில்லை. திரும்பி நடக்கும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வைத்தவரைப் பொறுத்தவரை, பை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

விளக்கு ஏற்றும் நேரத்துக்குக் காஷ்பெர் இருமிக்கொண்டே வந்தான். சோதனை நடந்ததைக் கேட்டு, “நம்ம வீட்டுல என்னத்தைத் தேடினானாம்? என் கிழிஞ்ச காலுறையையா?” என்றான். யேரா உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டைகளை அவன் தட்டில் போட்டாள். அவன் கண்ணையே பார்த்தாள். அந்தக் கண் கொழுக்கட்டையைத் தவிர வேறெங்கும் போகவில்லை. நடிப்பாகவும் இருக்கலாம்.

பொலோனா தன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கே போனாள். கண்ணாடியில் பனி பூ பூவாகப் படிந்திருந்தது. சால்வையை இறுக்கிக்கொண்டாள். இலையுதிர் காலத்தில்தான் அவள் அடுப்போரத்தை விட்டு அந்த இடத்துக்கு மாறினாள். மிஹாவின் வண்டி போவதைப் பார்க்கத்தான் என்று தெருவே கேலி செய்தது.

யேரா அலமாரியிலிருந்து தலையணையையும் கம்பளியையும் எடுத்து வந்தாள்.

“என்னங்க, இந்த இருமலோட நீங்க உள்ளறையில படுக்க வேண்டாம். இன்னையிலேர்ந்து வசந்தம் வர்றவரைக்கும் அடுப்பு மேடையிலதான் படுக்கணும்.”

“உன் இடத்தை எனக்குத் தர்றியா? உலைக்காரன் புத்தி தெளிஞ்சுடுச்சா?”

“தெளியுதான்னு பார்க்கறேன்.”

ஒரு கணம் அவன் தயங்கினால் போதும். இருமலைக் காரணம் காட்டினால் போதும், சூடு ஒத்துக்கொள்ளாது என்றால் போதும்.

காஷ்பெர் பூட்ஸைக் கழற்றி எறிந்தான். தலையணையைத் தட்டி, அந்த அசைந்த ஓட்டுக்கு நேர் மேலேயே போட்டான். மேடையில் ஏறிக் காலை நீட்டிக் கம்பளியை மூக்குவரை இழுத்து, “அப்பாடா! சொர்க்கம் இங்கதான்டா இருக்கு. நாளைக்கு லீவு, நாள் பூரா எழுப்பாதீங்க” என்றான்.

யேராவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பொலோனா சாப்பிடவில்லை. முள்கரண்டி பாதி வழியில் நின்றிருந்தது. அண்ணன் மேடையில் புரண்டு, ஓட்டோடு முகத்தை ஒட்டி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தான். அவள் தட்டு தரையில் விழுந்து உடைந்தது.

“அண்ணா, எந்திரி! அங்க நீ படுக்காதே... அங்க அண்ணி உட்கார்ந்தா போதும்!”