ஈயம் பறக்காது

மீன் படம் போட்ட அந்தக் குட்டிக் கம்பளத்துக்குக் கடைக்காரன் சொன்ன விலை நானூற்றைம்பது. ஈயக்காரர் பேரம் பேசி முந்நூற்றுக்கு முடித்தார். மகள் அதன்மேல்தான் தவழ்ந்தாள், நாலு வயது வரை விளையாடினாள். பிறகு வலிப்பு வந்து போய்விட்டாள். அதன்பின் கோடி கொடுத்தாலும் அது விற்பனைக்கில்லை.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து விற்பது அவர் தொழில். வேலைச் சட்டையோடே வீட்டுக்குள் நுழைவார். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள்.

"குளிச்சிட்டுப் பிள்ளையத் தூக்குங்க!" என்று மனைவி கத்துவாள்.

"ஈயம் கனமான சரக்குடி. இருபது வருஷமாச் சுமக்கறேன், அது பறந்து நான் பார்த்ததில்ல."

மகளின் ரத்தத்தில் ஈயம் என்று பரிசோதனை முடிவு வந்த நாளோடு அவர் அந்தப் பேச்சை விட்டார்.

கைக்குழந்தையோடு மனைவி தாய்வீட்டுக்குப் போனாள். வீட்டுத் தூசியில் ஈய அளவு நூற்றுக்குக் கீழே இறங்கினால்தான் வருவேன் என்றாள். ஈயக்காரர் தொழிலை விட்டார், சோபாவை எறிந்தார், தரையை நாளைக்கு மூன்று தரம் ஈரத்துணியால் துடைத்தார். ஆண்டுக்கொருமுறை ஆய்வகத்து அம்மாள் வந்து தூசி எடுத்துப் போவாள். எண் மளமளவென்று இறங்கியும், மூன்றாம் ஆண்டில் இன்னும் இருநூற்றுச் சொச்சத்தை உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தது.

காரணம் தேடி வந்த அம்மாள், அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த கம்பளத்தைக் கண்டுபிடித்தாள்.

"இதை விரிக்கிறதுண்டா சார்?"

"மத்தியானம் கொஞ்ச நேரம் படுப்பேன். அவ்வளவுதான்."

"ஒவ்வொரு தடவை விரிக்கும்போதும் பழைய தூசி கொட்டுது. துவைச்சாலும் முழுசாப் போகாது. குடுத்துடுங்க."

"பாதி வெட்டித் தர்றேனே."

"முடியாது சார்."

"மீன் மட்டும் எனக்கு. ஒரே ஒரு மீன்."

"சார்..."

"சரி, ஓரத்துல ஒரு நூல். நூல்ல என்னம்மா இருக்கப் போகுது?"

அம்மாளுக்குக் கண் கலங்கியது. "சின்னவன் இந்தத் தரையில உட்காரணுமா, வேணாமா?"

பிறந்ததிலிருந்து பேரத்தில் தோற்காத மனிதர், தாமே கம்பளத்தைப் பையில் போட்டு வாயைக் கட்டிக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு மனைவி வந்தாள். அவள் இடுப்பிலிருந்து இறங்கிய பையன், யாரோ என்று அப்பாவைப் பார்த்தான். அறிக்கையை அவள் வாசலிலேயே நின்று படித்தாள்.

முதல் ஆண்டு, ஆயிரத்து நூற்றிருபது. இரண்டாம் ஆண்டு, நானூற்றெண்பது. மூன்றாம் ஆண்டு, இருநூற்றுப் பத்து. இப்போது, அறுபது.

வீட்டைவிட்டுப் போனவர்கள் மூன்று பேர். திரும்பியவர்கள் இரண்டு.