வடக்குப் பார்த்த இருப்பு

“இன்னும் கொஞ்சம் அமுக்குங்கப்பா, இப்ப வளையும்” என்றான் மகன் விபின்.

வைகுண்டராஜன் இறந்துபோன தம்பியின் முழங்காலை இரு கைகளாலும் மடக்கிக்கொண்டிருந்தார். அய்யாவழிக் குடும்பத்தில் பிணத்தை எரிப்பதில்லை, படுக்கவைத்துப் புதைப்பதுமில்லை. தருமயுகம் பிறக்கும்போது எழும்ப வேண்டியவர்கள், வடக்குப் பார்த்துச் சம்மணமிட்டு இருக்க வேண்டும். விடியுமுன் நெஞ்சுவலியில் போன முருகதாஸின் உடல் வெயில் ஏறுவதற்குள் விறைக்கத் தொடங்கியிருந்தது.

விபின் சிரித்தபடி மறுகாலைப் பிடித்தான். “சித்தப்பா சொன்னா கேக்கமாட்டாரு. எப்பவும் இப்பிடித்தான். இவருக்கு மேல மார்பிள்ல கெட்டுவேன் பாருங்க. பக்கத்துல அய்யாவக் கும்பிட ஒரு பதி. பதிக்கு முன்ன ஒரு காலேஜ். காலேஜுக்கு சித்தப்பா பேரு.”

துபாயிலிருந்து வந்த நாள் முதல் இப்படித்தான். அவன் அறையில் விளக்கு அணைவதில்லை. இன்று சாவு வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அவனே கைபிடித்து அழைத்து உட்காரவைத்தான், காப்பி கொடுத்தான், தோளில் தட்டினான். நல்ல பிள்ளை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது மகள் நந்தனா பின்னாலேயே வந்தாள். முருகதாஸை மாதந்தோறும் நாகர்கோவிலுக்கு ஊசிக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். ஊராருக்கு அது வாதத்துக்குப் போடும் ஊசி.

“அப்பா, சித்தப்பாவப் பாத்த டாக்டர்ட்ட பேசுனேன். அண்ணன இன்னைக்கே கொண்டுவரச் சொல்லுதாரு.”

“என்னத்துக்கு?”

விபினின் சிரிப்பு கேட்ட பக்கம் அவள் கண்ணைக் காட்டினாள்.

“சத்தத்தக் கொறச்சுப் பேசு. ராஜாக்கமங்கலத்துக்காரங்க வந்திருக்காவ.” அந்த ஊர்த் தாணுலிங்கத்தின் மகளைத்தான் ஆவணியில் விபினுக்கு முடிப்பதாகப் பேச்சு. “ஒனக்க சித்தப்பாவ அவனுக்க இருவது வயசுலேர்ந்து நான் பாத்தவன். சோத்துல வெசம்னு பட்டினி கெடந்தான். சன்னலெல்லாம் பேப்பர் ஒட்டுனான். குளிக்கமாட்டான். மனுசன் மூஞ்சியப் பாக்கமாட்டான். இவன் நேரத்துக்கு நேரம் குளிக்கான். செண்ட் அடிக்கான். ஊர்ல ஒருத்தன விடாம பேசுதான். அதும் இதும் ஒண்ணாட்டி?”

“ஒண்ணுன்னு நான் சொல்லலியே. இது வேற நோய். சித்தப்பாக்கு ஊசி போட்ட வார்டுல ரெண்டும் உண்டுப்பா. வாயத் தொறக்காதவங்களும் உண்டு, வாய மூடாதவங்களும் உண்டு. ரெண்டும் போய்ச் சேருற எடம் மட்டும் ஒண்ணு, பயமாக்கும்.”

“இந்த வீட்டுல இருந்தது ஒண்ணு. அது இன்னைக்கு மண்ணுக்குள்ள போவுது. அதோட தீந்து.”

“அப்பா, தூங்காம ஓடுதான். எங்கன போய் விழுவான்னு தெரியாது.”

“கல்யாணம் முடியட்டும். பொறவு பாக்கலாம்.”

அவர் வேட்டியைச் சரிசெய்து, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். இந்த வீட்டைப் பற்றி ஊர் ஒரு சொல் சொன்னதில்லை. தம்பியைப் பின்னறையில் வைத்து, அந்தச் சொல் பிறக்காமல் காத்தவர் அவர்.

தென்னந்தோப்பில் குழி தயாராக இருந்தது. விபின் யாரும் கேட்குமுன் உள்ளே குதித்தான். உடலை வாங்கி, வடக்குப் பார்க்க இருத்தி, சாய்ந்த தலையை நிமிர்த்தி, தூக்கிவந்ததில் கலைந்த திருநாமத்தை நெற்றியில் மறுபடியும் இட்டான். எல்லாம் முறையாக, பொறுமையாக. இத்தனை நாளில் அவன் பேசாமல் செய்த முதல் வேலை அது.

மூத்தவர் முதல் மண் போட வேண்டும். வைகுண்டராஜன் குனிந்து ஒரு கை அள்ளினார்.

“ஏறி வா மக்கா” என்றார் தாணுலிங்கம்.

விபின் ஏறவில்லை. சித்தப்பாவின் அருகில் அமர்ந்து காலை மடக்கினான். முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்தான்.

“எழும்பும்போ சித்தப்பா தனியா எழும்பப்பிடாது. பயந்துருவாரு” என்றான்.

கூட்டத்தில் ஒரு பெண் விம்மினாள். தாணுலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நந்தனா பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அவள் அப்பாவைத்தான் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“பாசம்” என்றார் வைகுண்டராஜன். குரல் நடுங்கவில்லை. “சின்னதுலேர்ந்தே சித்தப்பான்னா அவனுக்கு உசிரு.”

“கொள்ளாம். இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பய” என்று தாணுலிங்கம் அவர் தோளில் கை வைத்தார். “எங்க பிள்ளை குடுத்துவச்சவ.”

“மண்ணப் போடுங்கப்பா” என்றான் விபின் கீழிருந்து. கண்கள் பளபளத்தன. “எனக்கு ஒண்ணும் ஆவாது. அய்யா ராத்திரியே சொல்லியாச்சு. எனக்குத் தருமயுகம் வரையும் சோறும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். போடுங்க.”

தாணுலிங்கத்தின் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

“விபினே” என்றார் வைகுண்டராஜன். “ஏறி வா.”

“அய்யா ஒங்களுக்கும் எடம் சொல்லியிருக்காரு” என்றான் அவன். சிறிது நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து மண்ணில் கிடந்த வேரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் சமன்செய்யத் தொடங்கினான்.