தகவலுக்கு அரை டிக்கெட்

பக்கத்து வீட்டுக் கனிஷ்கா சின்னவளாகிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் இது அவ்வப்போது நடப்பதுதான். பார்க்க ஆள் இல்லாத பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப்போகும். யாராவது பார்க்க ஆரம்பித்தால் சிறுப்பது நின்றுவிடும். விடாமல் பார்த்தால் பழையபடி வளர்ந்துவிடும். மருந்து மாத்திரை எதுவும் தேவையில்லை.

கனிஷ்காவுக்கு அம்மா இல்லை. அப்பா நாச்சிமுத்து சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட் பார்க்கிறார். காலையில் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். சாயங்காலம் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவார். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளையை அடித்ததில்லை, ஒரு வார்த்தை திட்டியதில்லை. மனைவி போன பிறகு பிள்ளையைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்த வீட்டு மரகதமணிக்குப் பார்ப்பதுதான் பிழைப்பு. பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். வெளிச்சத்தில் பனியனை விரித்துப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். வீட்டுக்கு வந்தால் ஜன்னல் வழியாகக் கனிஷ்காவுக்குச் சோறு கொடுப்பாள். அப்போதும் பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாள் கனிஷ்கா ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து மரகதமணி வீட்டுக்கு வந்து நின்றாள். போன மாதம் தலை மட்டும்தான் நுழைந்தது.

மரகதமணி நாச்சிமுத்துவிடம் போய்க் கேட்டாள்.

"ஏனுங்ணா, புள்ளை சிறுத்துட்டே போறாளே, பார்த்தீங்களா?"

"இங்கதான் எங்காச்சும் இருப்பாளுங்க" என்று அவர் சுவரிடம் சொன்னார்.

மரகதமணி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இப்படிப்பட்ட விஷயத்தை முதலில் பள்ளிக்கூடத்தில்தான் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். சொன்ன பிறகு என்ன ஆகும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

தலைமையாசிரியை வத்சலா ஆச்சரியப்படவில்லை.

"எங்களுக்குத் தெரியுமுங்க. பெஞ்சுல உக்காந்தா தலையே தெரியறதில்லை. வீட்டுப் பாடமெல்லாம் செரியா எழுதிட்டு வந்தர்றா. எழுத்துத்தான் பொடிசா இருக்குது."

"அப்பறம் ஏனுங்க யாருகிட்டயும் சொல்லலை?"

"எங்ககிட்ட இருக்கறது உயரம் மட்டும்தானுங்க. எடை ஆஸ்பத்திரியில இருக்குது. உயரத்தை மட்டும் வெச்சுட்டு ஒரு புள்ளையப் பத்தி எப்படீங்க பேசறது?"

"ஒரு போன் போட்டுக் கேக்கலாமுங்களே?"

"போன்லயெல்லாம் அனுப்பப்படாதுங்க. தகவல் நேர்லதான் போகோணும்."

தலைமையாசிரியை பீரோவைத் திறந்தார். உள்ளே தகவல் நின்றுகொண்டிருந்தது. முழங்கால் உயரம் இருந்தது. யூனிபார்ம் போட்டிருந்தது. ஜாடை கனிஷ்காதான். ஆனால் மூக்கு இன்னும் சரியாக வரவில்லை.

"கூட்டிட்டுப் போங்க" என்றார் தலைமையாசிரியை.

"நானுங்களா?"

"மைனரைப் பத்தின தகவலும் மைனர்தானுங்க அம்மிணி. தனியா அனுப்ப முடியுமா? கையைக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க. ரோட்டுல லாரி வரும். இருங்க, முட்டை சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

தகவல் சத்துணவு முட்டையை நிதானமாக உரித்துத் தின்றது. டீச்சர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அது கொஞ்சம் வளர்ந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கிழித்தார்.

"இது தகவலுங்க" என்றாள் மரகதமணி.

"தகவலுக்கும் அரை டிக்கெட்தானுங்க" என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரை எழுப்பித் தகவலை உட்கார வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் ஊரில் குழந்தை என்றால் எல்லாருக்கும் இரக்கம் உண்டு.

ஆஸ்பத்திரியில் நடை நீண்டுகொண்டே போனது. நடக்க நடக்க நர்ஸ் மேஜை பின்னால் நகர்ந்தது. தகவலுக்குக் கால் வலித்தது. மரகதமணி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மேஜை நின்றது.

"கனிஷ்காவா? எடை எங்ககிட்ட இருக்குது" என்றாள் நர்ஸ். "வரவரக் குறைஞ்சுட்டே போகுது."

"தெரிஞ்சும் விட்டுட்டீங்களா?"

"உயரம் தெரியாதுங்களே. குட்டையான புள்ளைன்னா இந்த எடை செரிதான். அதனால செரின்னே வெச்சுட்டோம்."

அன்றைக்கு உயரமும் எடையும் முதன்முறையாக ஒரே இடத்தில் சேர்ந்தன. தகவலுக்குக் கன்னம் வைத்தது. மூக்கும் வந்துவிட்டது. வந்ததே வந்தது என்று நர்ஸ் ஒரு ஊசியும் போட்டாள். தகவல் வாயைத் திறந்து அழுதது. சத்தம் வரவில்லை.

"சத்தம் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்குதுங்க" என்றாள் நர்ஸ். "அதையும் சேர்த்துட்டீங்கன்னா முடிஞ்சுது. இப்ப நேரமாயிருச்சு. நாளைக்குப் போங்க."

"அதுவரைக்கும் இதை எங்க விடறதுங்க?"

"கூட்டிட்டு வந்தவங்கதான் பார்த்துக்கோணும். பிஸ்கட் குடுங்க. காரம் வேண்டாம்."

மரகதமணி தகவலை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். குளிப்பாட்டினாள். அது நன்றாகச் சாப்பிட்டது. சாப்பிடுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஜன்னலில் கனிஷ்கா உட்கார்ந்திருந்தாள். ஒரு கிளி அளவு இருந்தாள். மரகதமணி அவளுக்கும் ஒரு வாய் சோறு கொடுத்தாள். அவள் அதை மூன்று நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உன்ற விஷயமாத்தான் கண்ணு அலையறேன்" என்றாள்.

கனிஷ்கா தலையாட்டினாள். தகவல் தண்ணீர் கேட்டுச் சாடை காட்டியது. மரகதமணி அந்தப் பக்கம் திரும்பினாள்.

ஸ்டேஷனில் ஏட்டு ராமலிங்கம் நாற்காலி போட்டு உபசரித்தார். அவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

"கதவைத் தட்டற சத்தம் கேக்குதுன்னு தெருவுல இருந்து அடிக்கடி சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவையும் சத்தம் சின்னதாயிட்டே வந்துச்சு. அப்பறம் ஒண்ணுமே கேக்கலை. பிரச்சினை தீந்துதுன்னு விட்டுட்டமுங்க."

"கதவைத் தட்டுனது யாருன்னு பார்க்கலீங்களா?"

"எங்களுக்குச் சத்தம்தானுங்க வந்துச்சு. புள்ளை வரலையே."

அவர் லாக்கப்பைத் திறந்துவிட்டார். உள்ளே இருந்த சத்தம் வெளியே வந்தது. பெரிதாகத்தான் இருந்தது. மேஜை மேலிருந்த கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது. பிறகு அது தகவலின் வாய்க்குள் போய் அடங்கியது.

"அத்தை" என்றது தகவல்.

மரகதமணிக்கு உடம்பு சிலிர்த்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை. அப்படி ஒரு குரலில் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. கனிஷ்கா கூப்பிட்டிருக்கிறாள். ஆனால் கொஞ்ச நாளாக அது காதுக்கு எட்டவில்லை.

ஏட்டு தன் தொப்பியை எடுத்துத் தகவலின் தலையில் வைத்து அழகு பார்த்தார். அது இன்னும் வளர்ந்தது.

எல்லாத் துறைகளும் ஒரே அறையில் உட்கார வேண்டும், அதற்குக் குழந்தை நல அலுவலகத்தில் கூட்டம் போட வேண்டும் என்று சொன்னார்கள். கூட்டம் தள்ளிக்கொண்டே போனது. ஒரு தடவை அதிகாரி லீவு. ஒரு தடவை அறை லீவு. மரகதமணி தகவலைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். கடைவீதிக்குக் கூட்டிப்போய்ப் புது கவுன் எடுத்தாள். பார்த்தவர்கள் எல்லாம் நல்ல வளர்த்தி என்று சொன்னார்கள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. கம்பெனியில் ஓட்டை பனியன்கள் அவள் கையைத் தாண்டிப் போயின.

கூட்டத்தன்று காலையில் தகவலுக்கு ரெட்டைச் சடை போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனாள். கனிஷ்கா இல்லை.

கம்பிக்குக் கீழே தேடினாள். அரிசி டின்னுக்குப் பின்னால் தேடினாள். கடைசியில் சோப்பு டப்பாவில் இருந்தாள். கட்டைவிரல் அளவு. தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று மரகதமணி யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

மதியச் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியை எடுத்தாள். அடியில் பனியன் வேஸ்ட் துணியை மெத்தை மாதிரி வைத்தாள். கனிஷ்காவை அதில் படுக்க வைத்து, காற்றுப் போக மூடியைச் சாய்த்து வைத்தாள். ஒரு கையில் போசி, மறு கையில் தகவல்.

குழந்தை நல அலுவலர் தியாகராஜன் தன்னுடைய சுழல் நாற்காலியைத் தகவலுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். தகவல் அதில் சுற்றிச் சுற்றி வந்தது. தலைமையாசிரியை, நர்ஸ், ஏட்டு எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லாரும் அதையே பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அது மரகதமணியின் தோளைத் தாண்டியது.

"உயரம்?"

"செரியா இருக்குதுங்க" என்றார் தலைமையாசிரியை.

"எடை?"

"உயரத்துக்கு ஏத்த எடைங்க" என்றாள் நர்ஸ்.

"கண்ணு, உன்னைய யாராச்சும் ரூம்ல வெச்சுப் பூட்டறாங்களா?"

"இல்லீங்க சார்" என்றது தகவல், கணீரென்று.

"நல்லாச் சாப்பிடறயா?"

"முட்டை, பிஸ்கட், எல்லாம் சாப்பிடறேனுங்க."

அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"பாருங்க, துறைங்க எல்லாம் ஒண்ணு சேந்தா ஒரு புள்ளை எப்படி இருக்குதுன்னு!"

எல்லாரும் கை தட்டினார்கள். மரகதமணிக்கும் கை தட்ட வேண்டும் போலிருந்தது. கையில் போசி இருந்தது. அதை மேஜைமேல் வைத்து மூடியை எடுத்தாள்.

"சார், இவதானுங்க கனிஷ்கா."

அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். உடனே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இதைப் பத்தி எங்ககிட்டத் தகவல் ஒண்ணும் இல்லீங்களே."

"அந்தத் தகவலே இவளைப் பத்தினதுதானுங்க!"

"அதெப்படீங்க? அது என்ன உயரம், இது என்ன உயரம்? இது வேற ஏதோ புள்ளை."

ஏட்டு போசியில் காதை வைத்துக் கேட்டார். "சத்தமே இல்லீங்க சார். பிரச்சினை ஒண்ணும் இல்லை."

"பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மிணி" என்றார் தலைமையாசிரியை, உண்மையான அக்கறையோடு. "புதுசா ஆரம்பிக்கலாம்."

"அதுவரைக்கும் இவ தாங்குவாளுங்களா?"

"அது எந்தத் துறைகிட்ட இருக்குதுன்னு கேட்டுச் சொல்றமுங்க" என்றார் அலுவலர்.

தகவல் பத்திரமாக இருக்கிறது என்று முடிவானது. இனியும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதால் மரகதமணியே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் முடிவானது. எல்லாரும் வாசல்வரை வந்து தகவலுக்குக் கை காட்டினார்கள்.

பஸ்ஸில் அதே கண்டக்டர்தான்.

"புள்ளை வளந்துட்டாளுங்க. இனி முழு டிக்கெட்."

மரகதமணி வாங்கிக்கொண்டாள். அவர் போசியைப் பார்த்தார்.

"அதுல என்னங்க?"

"புள்ளை."

"அதுக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

தகவல் ஜன்னலோரம் உட்கார்ந்தது. மரகதமணி போசியை மடியில் வைத்து மூடியைத் திறந்தாள். கனிஷ்கா விழித்திருந்தாள். ஏதோ சொன்னாள். மரகதமணி குனிந்து காதை வைத்தாள்.

"அத்தை, அந்த அக்கா யாரு?"

மரகதமணி தகவலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது நீதான் கண்ணு."

கனிஷ்கா துணிமேல் எழுந்து உட்கார்ந்தாள்.

"அவளுக்குச் சோறு குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்க."

"கதவைப் பூட்டறதில்லையா?"

"இல்லை."

"அப்பச் செரி" என்றாள் கனிஷ்கா. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மரகதமணிக்கு அழுகை வரவில்லை. வந்தாலும் அழக்கூடாது, கண் மறைக்கும். வெளிச்சத்தில் பனியனைப் பார்ப்பது போலப் போசியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள். இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் அதைத் தாண்டிப் போனது.

"அத்தை" என்று தகவல் முந்தானையைப் பிடித்து இழுத்தது. "என்னையப் பாருங்க அத்தை."

அவள் திரும்பவில்லை. தகவல் மறுபடி கூப்பிட்டது. சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தது.